சிங்கப்பூர் மாப்பிள்ளை: பெண் வீட்டார் கேட்கத் தவறுபவை

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார் என்றால் பேச்சு நேராக நகைக்குப் போய்விடுகிறது. எந்தப் பாஸில், அதாவது எந்த வகை வேலை அனுமதியில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. முதல் தவறு இதுதான். வொர்க் பர்மிட்டில் இருப்பவர் மனைவிக்கு டிபென்டன்ட் பாஸ், அதாவது உடன் தங்கும் அனுமதி, வாங்க முடியாது. அதைவிட மேல்நிலை வேலைகளுக்கான எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவருக்கும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். ஜாதகம் கேட்கிறவர்கள் இதையும் தயங்காமல் கேட்கலாம்.

அடுத்தது பதிவு. மாப்பிள்ளையின் லீவு மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று கரைந்துவிடும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அவர் விமானம் ஏறுமுன் சார்பதிவாளர் அலுவலகம் போய்விடுங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் வெறும் இனிஷியல், ஆதாரில் வேறு எழுத்து. இதெல்லாம் விசா நேரத்தில்தான் வந்து இடிக்கும். சான்றிதழைப் பாஸ்போர்ட்டுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு மனம் பொறுக்காதது ஒன்று உண்டு. "பத்திரமாக இருக்கட்டும்" என்று மருமகளின் பாஸ்போர்ட் மாமியார் பீரோவுக்குள் போவது. அது அவள் கையில்தான் இருக்க வேண்டும். நகல் பிறந்த வீட்டில் இருக்கட்டும். நகை ரசீதுகளும் அப்படியே. சீதனம் சட்டப்படி அவளுடைய சொத்து.

கொடுமை நடந்தால், "அங்கே நடந்ததற்கு இங்கே என்ன செய்ய முடியும்" என்று குடும்பமே ஓய்ந்துவிடுகிறது. அப்படியில்லை. புகுந்த வீட்டுக் கொடுமையால் வெளியேறிய பெண், தஞ்சம் புகுந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அவள் சிங்கப்பூரிலேயே இருந்தால் அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து விவாகரத்து நோட்டீஸ் வந்தால் அதைப் பரணில் போடாதீர்கள். பயந்து கையெழுத்தும் போடாதீர்கள். மனைவி ஏற்காமல், நம் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக அங்கே பெறும் தீர்ப்பு இங்கே செல்லாது என்பது 1991 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாதம் கைவிட்டுப் போகும். முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும், எண் 15100. அவசர உதவிக்கு 181. தேசிய மகளிர் ஆணையத்திலும் வெளிநாட்டு மாப்பிள்ளைத் திருமணப் புகார்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.