தக்காளி டைமர் வச்சு ஆபீஸ் வேலைய முடிக்கிறது எப்படி
ஆப் எதுவும் இறக்காதீங்க, ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். காலைல மெயில தொறக்கறதுக்கு முன்னாடியே இன்னிக்கு வேலைய எழுதிடுங்க, "ரிப்போர்ட்"னு மொட்டையா எழுதாம "ரிப்போர்ட்ல மூணாவது டேபிள சரி பண்ணணும்"னு எழுதுங்க, அப்பதான் கை ஓடும். அப்புறம் பொமொடோரோ, அதாவது தக்காளி டைமர் முறை, 1980கள்ல இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ காலேஜ் படிக்கறப்ப தக்காளி ஷேப் கிச்சன் டைமர வச்சு ஆரம்பிச்சது. 25 நிமிஷம் ஒரே வேலை, 5 நிமிஷம் பிரேக், நாலு ரவுண்டு ஆனதும் நல்லா எந்திரிச்சு போய் டீ குடிங்க. நடுவுல யாராவது "ஒரு நிமிஷம் பாஸ்"னு வந்தா (அது என்னைக்கும் ஒரு நிமிஷம் இல்ல) நோட்டு ஓரத்துல குறிச்சுக்கிட்டு, டைமர் அடிச்சதும் வர்றேன்னு சொல்லிடுங்க. மீட்டிங் நாள்ல ரெண்டு ரவுண்டு ஓடினாலே பெருசு. மிச்சத்த சாயங்காலம் மறுநாள் பக்கத்துக்கு கையாலயே மாத்தி எழுதுங்க, மூணு நாளா ஒரே வரிய எழுதி கை வலிச்சா அத அடிச்சிடுங்க.