கேம் ட்ரெய்னர் எழுதுவது எப்படி: புரோகிராம் கோடு கொஞ்சம், தேடல் அதிகம்

ஓடிக்கொண்டிருக்கும் கேமின் மெமரியைத் திறந்து உயிர், தோட்டா, காசு போன்ற மதிப்புகளைப் படித்து மாற்றும் தனி புரோகிராம்தான் ட்ரெய்னர். சி++ல் எழுதினால் நூறு வரிகூட வராது. கேமை மூடித் திறந்தாலும் அந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று பிடிப்பதில்தான் நேரம் போகும். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸில் ஓடும் ஆஃப்லைன் கேமுக்கு. ஆன்லைன் கேமில் முக்கியமான மதிப்புகள் பெரும்பாலும் சர்வரில் இருக்கும். மெமரியில் கைவைத்தால் அக்கவுண்ட் போவதுதான் மிச்சம்.

முதலில், மெமரியில் மதிப்பைத் தேடித் தரும் டூலான சீட் எஞ்சினில் தேடுங்கள். தோட்டா 30 இருந்தால் 4 பைட் வகையில் 30. இரண்டு சுட்டுவிட்டு 28 என்று நெக்ஸ்ட் ஸ்கேன். சில சுற்றுகளில் ஒன்றிரண்டு அட்ரஸ்தான் மிஞ்சும். உயிர் பல கேம்களில் ஃப்ளோட், அதாவது தசம எண். திரையில் 100 என்று காட்டுவது உள்ளே 1.0 ஆகவும் இருக்கலாம். மெமரியில் 1120403456 என்று விநோதமான எண் கண்ணில் பட்டால் அது ஃப்ளோட் 100. நீங்கள் முழு எண்ணாகப் படிக்கிறீர்கள். பட்டை மட்டும் தெரிந்தால் அன்நோன் இனிஷியல் வேல்யூவில் தொடங்கி, அடி வாங்கியதும் டிக்ரீஸ்ட் வேல்யூ கொடுங்கள்.

கிடைத்த இடத்தில் 999 எழுதிச் சுடுங்கள். 998 ஆனால் சரியான இடம். உடனே பழைய எண்ணுக்குத் திரும்பினால் அது திரையில் காட்டுவதற்கான நகல், விட்டுவிடுங்கள்.

இந்த அட்ரஸ் அடுத்த முறை கேமைத் திறக்கும்போது இருக்காது. டைனமிக் மெமரி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கிடைக்கும். ஏஎஸ்எல்ஆர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு காரணமாக கேமின் எக்ஸி ஏறும் இடமும் மாறலாம். அதனால் பாயின்டர் (இன்னொரு அட்ரஸை வைத்திருக்கும் இடம்) ஸ்கேன் செய்து, எக்ஸியின் பேஸிலிருந்து, அதாவது அது ஏறிய இடத்தின் தொடக்கத்திலிருந்து தொடங்கும் சங்கிலியைப் பிடிக்க வேண்டும். கேமை மூடித் திறந்து மறுபடி வடிகட்டுங்கள், இரண்டு மூன்று தடவை. கணினியையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிடுவது நல்லது.

கோடு இப்படிப் போகும், இதில் வரும் பெயர்கள் விண்டோஸ் ஃபங்ஷன்கள்:

1. க்ரியேட்டூல்ஹெல்ப்32ஸ்நாப்ஷாட் மூலம் கேமின் பிராசஸ் ஐடியும் எக்ஸியின் பேஸ் அட்ரஸும் எடுங்கள்.
2. ஓப்பன்ப்ராசஸ். படிக்க, எழுத, ஆபரேஷன் ஆகிய மூன்று அனுமதி போதும். ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 10, 20, 8, கூட்டினால் 38. எல்லா அனுமதியும் கேட்கும் பழக்கம் வேண்டாம்.
3. சங்கிலியை ரீட்ப்ராசஸ்மெமரியால் நடந்து போங்கள்.
4. கடைசி அட்ரஸில் ரைட்ப்ராசஸ்மெமரி.

மூன்றாவது படியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சங்கிலி பேஸ் + 17250, அடுத்து 38, அடுத்து 140 என்று வைத்துக்கொள்வோம், எல்லாம் ஹெக்ஸ். பேஸ் + 17250-ல் இருப்பதைப் படியுங்கள். வந்ததோடு 38 கூட்டிப் படியுங்கள். வந்ததோடு 140-ஐக் கூட்டினால் போதும், அதுதான் தோட்டாவின் அட்ரஸ். அதையும் பாயின்டராக நினைத்துப் படித்தால் தோட்டா எண்ணிக்கையையே அட்ரஸாக எடுத்துக்கொள்வீர்கள். சீட் எஞ்சினின் பாயின்டர் பெட்டியில் ஆஃப்செட்டுகள் (38, 140 போல கூட்டும் எண்கள்) கீழிருந்து மேலாகப் போகும் என்பதையும் கவனியுங்கள். 64 பிட் கேமில் பாயின்டர் 8 பைட். 4 பைட் படித்தால் பாதி அட்ரஸ்தான் கையில் இருக்கும். மெயின் மெனுவில் இருக்கும்போது சங்கிலியின் நடுவில் 0 வருவது சகஜம். வந்தால் ட்ரெய்னர் லூப்பின் அந்தச் சுற்றை விட்டுவிட்டு அடுத்த சுற்றில் பாருங்கள்.

ஏதாவது ஃபங்ஷன் தோற்றதும் கெட்லாஸ்ட்எரர் 5 தந்தால் அனுமதி இல்லை; கேம் அட்மினாக ஓடினால் ட்ரெய்னரும் அப்படியே ஓட வேண்டும். 299 வந்தால் அட்ரஸ் தவறு, அல்லது 32 பிட் ட்ரெய்னரை வைத்து 64 பிட் கேமைத் தொடுகிறீர்கள்.

எஃப்1 அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப் என்பதற்கு கீ அழுத்தியிருக்கிறதா என்று சொல்லும் கெட்அசிங்க்கீஸ்டேட் போதும். முந்தைய நிலையைச் சேமித்து ஒப்பிடுங்கள். இல்லையென்றால் விரலை எடுப்பதற்குள் ஐந்தாறு முறை ஆன் ஆஃப் ஆகும். லூப்பில் 50 மில்லிசெகண்ட் ஸ்லீப் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கோர் முழுக்கத் தின்றுவிடும்.

உயிரைத் திரும்பத் திரும்ப எழுதியும் ஒரே அடியில் சாகிறதா? ட்ரெய்னர் ஒருமுறை எழுதியதற்கும் அடுத்த முறை எழுதுவதற்கும் இடையில் மதிப்பு 0-ஐத் தொட்டுவிட்டது. அப்போது அதைக் குறைக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனைக் கண்டுபிடித்து, அதன் நீளம் முழுக்க ஹெக்ஸ் 90 (எதுவும் செய்யாதே என்ற கட்டளை) நிரப்புங்கள், பழைய பைட்டுகளைச் சேமித்துவிட்டு. ஆனால் எதிரிகளின் உயிரையும் அதே இன்ஸ்ட்ரக்‌ஷன் குறைத்தால், அவர்களும் சாக மாட்டார்கள்.