பதுங்கி வரும் எதிரிக்கு ஒரே ஒரு பகடை போதும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நடத்துபவர்கள், ஒவ்வொரு கதாபாத்திரத்தின் பாஸிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே சுற்றிலும் கவனிக்கும் திறன்) எண்ணையும் முன்கூட்டியே ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொண்டால், பதுங்கி வரும் எதிரிக்கு மட்டும் ஒரு முறை ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) பகடையை உருட்டி, அந்த எண்களோடு ஒப்பிட்டு முடித்துவிடலாம்.

10உடன் பெர்செப்ஷன் கூட்டெண்ணைச் சேர்த்தால் இந்த எண் கிடைக்கும். எல்லோரையும் பகடை உருட்டச் சொன்ன மாத்திரத்திலேயே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று ஆடுபவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். சீட்டைப் பார்ப்பதில் அந்தச் சிக்கல் இல்லை, நேரமும் மிச்சம். மங்கலான வெளிச்சத்தில் கண்ணை நம்பியிருப்பவருக்கு 5 குறைக்க வேண்டும் என்பதால், 14 உள்ளவர் 9க்கு இறங்கிவிடுவார், கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஸ்டெல்த்தில் 10 எடுத்தாலே அவர் கண்ணில் படாமல் நெருங்கிவிடும். டார்க்விஷன் என்ற, இருட்டில் பார்க்கும் திறன் உள்ளவருக்கும் முழு இருட்டு மங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும் என்பதால், அவருக்கும் இந்தக் கழிவு உண்டு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒருவர் தன் முறைக்குரிய செயலான ஆக்‌ஷனைச் செலவிட்டுத் தேடினால் அவர் பகடை உருட்டியே ஆக வேண்டும். மறைவே இல்லாத வெட்டவெளியில் எதிரி தெளிவாகத் தெரிந்தால் ஸ்டெல்த் பேச்சுக்கே இடமில்லை. 2024இல் வந்த திருத்திய விதிகளில், ஒளிந்துகொள்வதற்கான ஹைட் ஆக்‌ஷன் எடுப்பவர் முதலில் ஸ்டெல்த் பகடையில் 15ஐ எட்ட வேண்டும். எட்டாவிட்டால் சீட்டைப் பார்க்கத் தேவையில்லை.