சேலத்தில் கடல்நீர் மீன் தொட்டி: மீன் விடும் முன் தொட்டியை எப்படித் தயார் செய்வது?

சேலத்திலிருந்து கடலூர்க் கரைக்கே சுமார் 200 கிலோமீட்டர். ஆனாலும் நம் வீட்டுக் கூடத்தில் கோமாளி மீன் நன்றாக வாழும். தொட்டி, உப்பு, மோட்டார் எல்லாம் ஒரே நாளில் வாங்கிவிடலாம். மீனின் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா மட்டும் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இந்த வளர்ப்புக்குத்தான் சைக்கிளிங் என்று பெயர்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். கடல்நீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 8.2 அளவில் இருப்பதால், அம்மோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு பிஎச் 7-இல் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். நன்னீர்த் தொட்டியில் தப்பித்த மீன் இங்கே தப்பாது.

முதலில் தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கம் அதில் கடினத்தன்மை அதிகம். மேட்டூர்க் குடிநீரில் குளோரின் இருக்கும், அது வளர்க்க வேண்டிய பாக்டீரியாவையே கொல்லும். ஆர்ஓ தண்ணீரை, மிச்சமிருக்கும் தாதுக்களையும் பிடித்துவிடும் டிஐ கேட்ரிட்ஜ் வழியாக விட்டு, கரைந்த தாதுக்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகு பயன்படுத்துங்கள்.

அடுத்தது உப்பு. சமையல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் போதாது. மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் கணக்கில் தனி டிரம்மில் கலந்து, மோட்டார் போட்டு ஓர் இரவு சுழல விடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வர வேண்டும். பிறகு தொட்டியில் மணல், காய்ந்த பாறை, இந்தத் தண்ணீர். கடலில் எடுத்த பவளப்பாறை என்று யாராவது விற்றால் தொடாதீர்கள். கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை.

மோட்டார் நாள் முழுக்க ஓடட்டும், லைட் வேண்டாம், எரிந்தால் பாசிதான் வளரும். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும். மின்விசிறியைத் தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி வையுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கவலை நேர்மாறு, அங்கே ஹீட்டர் கட்டாயம். எங்கே இருந்தாலும் ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரையே ஊற்றுங்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கைகொடுக்கும்.

இனி பாக்டீரியாவுக்குத் தீனி. 'மலிவான மீன் இரண்டை விட்டுப் பாருங்கள்' என்பார்கள். அந்த மீன் அம்மோனியாவில் செவுள் வெந்து சாகும், எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. பச்சை இறாலை அழுக விட்டாலும் வேலை நடக்கும், ஆனால் அளவு கைக்குள் நிற்காது. ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடே நல்லது. 100 லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்) வரும். அதுவும் நவச்சாரமும் ஒன்றுதான், ஆனால் ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரத்தில் வேறு என்ன கலந்திருக்கிறதோ, அதைப் போட வேண்டாம். அம்மோனியா 5 பிபிஎம்மைத் தாண்டினால் பாக்டீரியா வளர்ச்சியே மந்தமாகிவிடும். பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் நாள் குறையலாம், ஆனால் கோடையில் கூரியர் வண்டிச் சூட்டில் கிடந்து வந்ததை நம்பாதீர்கள்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை டெஸ்ட் கிட்டில் பார்த்து எழுதி வையுங்கள். முதலில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அம்மோனியா தீர்ந்ததும் மறுபடி கொஞ்சம் போடுங்கள். நைட்ரைட் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும், பதறி எதையும் ஊற்ற வேண்டாம். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் கூடுதலாகக் காட்டும், அந்த எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள்.

நாள்காட்டியைப் பார்த்து மீன் வாங்கக் கூடாது. 2 பிபிஎம் அம்மோனியா போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனால்தான் தொட்டி தயார். அதன்பின் பாதித் தண்ணீரையோ அதற்கு மேலோ மாற்றி, நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவாருங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். மீன் வரத் தாமதமானால் அதுவரை பாக்டீரியாவுக்குச் சிறிது அம்மோனியா போட்டு வாருங்கள்.

முதலில் ஒன்றோ இரண்டோ கோமாளி மீன் போதும். கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, பண்ணையில் பொரித்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். முதல் வாரம் தீனியைக் குறைத்து, தினமும் அம்மோனியா பாருங்கள். துளி நிறம் மாறினாலும் அன்றே கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்.