கடைசிப் பாகம் முடிந்த கையோடு எழுதுவது எப்படி?

பிடித்த தொடரின் கடைசிப் பாகத்தைப் பார்த்துவிட்டு நித்திரை வராமல் கிடக்கிற, ஆனால் அதைப் பற்றி இன்னும் ஒரு வரியும் எழுதிப் பார்க்காத தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு, 2023 ஏப்ரல் 20 அன்று வெளியான ‘ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்’ என்ற விண்வெளிக் கதைத் தொடரின் கடைசிப் பாகத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் அது பாரமவுண்ட் பிளஸில் வந்தது, எங்களுக்கு அமேசன் பிரைமில். முடிவு முழுவதையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: தடங்கல் இல்லாமல் பாருங்கள்

பரந்தன் சந்தியில் நாலு கோடு காட்டுகிற சிக்னல், வயல் தாண்டி வீட்டுக்கு வந்தால் ஒன்றாகிவிடும். உணர்ச்சியான கட்டத்தில் படம் நின்று சுற்றத் தொடங்கினால் அந்த உணர்ச்சி திரும்பி வராது. இரவு டேட்டாவில் முதலே இறக்கி வையுங்கள், செயலியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. கைத்தொலைபேசித் திரைக்குக் குறைந்த தரமே போதும். வட்ஸ்அப் குழுக்களின் சத்தத்தையும் நிறுத்திவிடுங்கள்.

படி 2: பழைய கதையில் தேவையானதை மட்டும் பாருங்கள்

இந்தத் தொடரின் வேர் 1987 முதல் 1994 வரை வந்த ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’. மொத்தம் 178 பாகங்கள். எல்லாம் பார்த்தால்தான் எழுதலாம் என்றில்லை. அதன் கடைசிப் பாகத்தின் கடைசி நிமிடங்களையாவது பாருங்கள். ஏழு வருடமாகத் தன் ஆட்களின் சீட்டாட்ட மேசைக்கு வராத விண்கப்பல் கப்டன் பிக்கார்ட், அன்றைக்குத்தான் வந்து உட்காருகிறார். 2023இல் கதை முடிவதும் அதே ஏழு பேர் சுற்றியிருக்கிற சீட்டு மேசையில்தான். முதல் மேசையைப் பார்க்காதவர் “கடைசியில் சீட்டாடினார்கள்” என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்.

படி 3: உடனே குறித்துக்கொள்ளுங்கள்

முடிந்ததும் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடாதீர்கள். கொப்பியும் பேனையும் எடுத்துப் பத்து நிமிடம் எழுதுங்கள். எந்த இடத்தில் மூச்சு நின்றது, எந்த இடத்தில் கோபம் வந்தது, எது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது என்பவை மட்டும் போதும். வசனம் அழகாக இருக்கத் தேவையில்லை. என் கொப்பியில் அன்றைக்கு இருந்தது மூன்றே சொற்கள்: கம்பளம், பிள்ளைகள், மேசை.

படி 4: ஒரு சொல்லைப் பிடித்து உள்ளே போங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் முழுக்கதையையும் திரும்பச் சொல்லத் தொடங்கி, பாதியில் களைத்துப்போவார்கள். கதையை மூன்று வரியில் முடித்துவிடுங்கள். மிச்சம் முழுவதும் உங்களைத் தொட்ட இடத்துக்கு.

‘கம்பளம்’ என்று ஏன் எழுதினேன்? விழுந்து நொறுங்கிய, அவர்களின் பழைய விண்கப்பலான எண்டர்பிரைஸ்-டியை, ஜோர்டி என்ற பொறியியலாளர் இருபது வருடமாகப் பொறுக்கிச் சேர்த்துத் திருத்தி வைத்திருக்கிறார். வயதுபோன கூட்டாளிகள் எல்லோரும் திரும்ப அதில் ஏறும்போது, தரையில் கிடக்கிற கம்பளத்தைப் பற்றி ஒரு பேச்சு வரும். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரணம் தேடினால் அது எங்கள் வளவுக்குள் இருந்தது. 2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, யன்னலும் இல்லை. நெஞ்சளவுக்குப் பற்றை. அப்பா கத்தியால் வெட்டிக்கொண்டே உள்ளே போய்க் குந்தியிருந்து கையால் மண்ணைத் தள்ளினார். சிவப்புச் சீமெந்து தெரிந்தது. “இஞ்ச வந்து பார், நிலம் அப்பிடியே கிடக்கு” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறினார்.

என் முதல் கட்டுரையின் நடுப்பகுதி இதுதான். உங்கள் எழுத்துக்குள்ளும் இப்படி ஒன்று வரவேண்டும். வலிந்து தேடாதீர்கள், கொப்பியில் எழுதிய சொல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், அது தானாக வரும்.

படி 5: குறையைச் சொல்லுங்கள், திரையில் ஆதாரம் காட்டுங்கள்

“முடிவு சரியில்லை” என்றால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. இந்தக் கதையில் போர்க் என்ற எதிரி, விண்படையில் இருக்கிற இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்களுடைய மனங்களை பிடித்துக்கொள்கிறது. நேற்று வரை கூட நின்ற பிள்ளைகள், யாரோ ஒருவரின் குரலுக்குக் கட்டுப்பட்டு ஆயுதத்தோடு திரும்புகிறார்கள். பிக்கார்ட் தன் மகன் ஜாக்கை அதற்குள்ளே போய்க் கட்டிப்பிடித்து மீட்கிறார். நல்ல காட்சி. ஆனால் மற்றப் பிள்ளைகள்? மருத்துவர் பெவர்லி வழியொன்று கண்டுபிடிக்கிறார், சுகமாகிவிடுகிறார்கள், கதை ஒரு வருடம் தாண்டிவிடுகிறது. தங்கள் கையால் என்ன நடந்தது என்று தெரிந்த அந்தப் பிள்ளைகள் எப்படி நித்திரை கொண்டார்கள் என்பதற்கு ஒரு காட்சிகூட இல்லை. பிள்ளைகள் பறிபோவதை வன்னியில் ஒருவராலும் வெறும் கதையாகப் பார்க்க முடியாது. தொடர் எனக்கு எவ்வளவோ தந்தது. இதைத் தராமல் போனது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது, அதையும் அப்படியே எழுதினேன்.

பிடித்ததையும் பிடிக்காததையும் சம அளவில் வைக்க வேண்டியதில்லை. எது கனமோ அதற்கு அதிக இடம் கொடுங்கள்.

படி 6: பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

சத்தமாக வாசியுங்கள். நாக்குத் தடக்குகிற வசனத்தை வெட்டுங்கள். நீங்கள் வீட்டில் சொல்லாத சொல் இருந்தால் மாற்றுங்கள்.

நான் அம்மாவுக்கு வாசித்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவ, ஸ்டார் ட்ரெக்கில் ஒரு நிமிடமும் பார்த்ததில்லை. சீட்டு மேசைப் பந்தியைக் கேட்டுவிட்டுக் கையை நிறுத்தினா. “ஏழு பேரும் உயிரோட வந்திட்டினமோ?” என்று கேட்டா. ஓம் என்றேன். “ஒருத்தரும் குறையேல்லையோ?” என்று திரும்பவும் கேட்டா.

நான் எழுதியிருந்த முதல் பந்தியை வெட்டிவிட்டு, அந்த இரண்டு கேள்விகளையும் அங்கே வைத்தேன்.