குழந்தையை அழைக்காதீர்கள், வெளிச்சத்தைப் பாருங்கள்: வீட்டுப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை தரையில் குப்புறப் படுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எதையோ வரைந்துகொண்டிருக்கிறது. பார்த்ததும் கை கேமராவைத் தேடுகிறது. எடுத்த கையோடு "இங்கே பார், சிரி" என்கிறோம். குழந்தை நிமிர்ந்து பல்லைக் காட்டுகிறது. படம் பதிவாகிவிடுகிறது. ஆனால் நாம் எடுக்க ஆசைப்பட்டது அந்தக் குழந்தையை அல்ல, அது மூழ்கிக் கிடந்த அந்த நிலையை. நாம் கூப்பிட்ட நொடியிலேயே அது கலைந்துவிட்டது.

குடும்ப வாழ்க்கையைப் படம் எடுப்பதில் நடக்கும் தவறுகள் பலவற்றுக்கும் இதுதான் வேர். வாழ்க்கையை நிறுத்திவைத்துவிட்டுப் படம் எடுக்கிறோம். ஏன் நிறுத்துகிறோம் என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். "அங்கே இருட்டாக இருக்கிறது, இங்கே வா", "திரும்பி நில்", "அசையாதே" என்று சொல்ல வேண்டி வருகிறது. வீட்டில் எந்த மூலையில், எந்த நேரத்தில், எப்படிப்பட்ட வெளிச்சம் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவர் இதில் ஒன்றையும் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கும் ஜன்னலும்

முதல் தவறு, பகலிலும் அறை விளக்கைப் போட்டுவைப்பது. கூடுதல் வெளிச்சம் கிடைக்கிறதே என்று தோன்றும். உண்மையில் நல்ல வெளிச்சத்தை அது கெடுக்கிறது. ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைக் குறிக்கும் நிறவெப்பம், நடுப்பகல் வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 5500 கெல்வின். மஞ்சள் ஒளி தரும் வீட்டு விளக்குக்கு 2700 முதல் 3000 கெல்வின். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால், கேமரா ஏதாவது ஒன்றைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ள முடியும். ஒரு கன்னம் இயல்பாக இருக்கும், மற்றது ஆரஞ்சு நிறமாகத் தெரியும். இல்லையென்றால் ஒரு பக்கம் இயல்பாகவும் மறுபக்கம் நீலம் பாரித்தும் இருக்கும். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், ஒரு பக்கத்தைச் சரிசெய்யும்போது மறுபக்கம் கெடும். போதாக்குறைக்கு, கூரையிலிருந்து வரும் ஒளி கண்குழிகளில் நிழலைத் தேக்கி, துறுதுறுப்பான குழந்தையைக்கூட இரவெல்லாம் தூங்காதது போலக் காட்டிவிடும். சில விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தைக் குறைத்தால், அந்தத் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாகப் பதியும்.

ஆகவே விளக்கை அணையுங்கள். அறை மங்கியது போலத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் கண் பழகிவிடும். அப்போதுதான் ஜன்னல் ஒளி முகத்தின் மேடு பள்ளங்களை எப்படி வரைந்து காட்டுகிறது என்பது தெரியவரும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் பல ஓவியங்களில் வெளிச்சம் இடப்பக்க ஜன்னல் ஒன்றிலிருந்துதான் வருகிறது. கடிதம் படிப்பவர், பால் ஊற்றுபவர் என்று அவர் வரைந்ததும் வீட்டுக்குள் நடக்கும் சாதாரண வேலைகளைத்தான். அன்றாடக் காட்சிக்கு ஒரே பக்கத்து ஒளி போதும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கண் பழகிக்கொள்ளும் என்றேன். அந்தப் பழக்கமே நம்மை ஏமாற்றவும் செய்கிறது. ஜன்னலிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்பதற்கும் அறையின் மறுகோடியில் நிற்பதற்கும் இடையே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். கண் அதை ஈடுகட்டிவிடுவதால் நாம் உணர்வதில்லை. கேமரா உணரும். இதைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. உங்கள் கையைக் குழந்தையின் முகம் இருக்கும் உயரத்தில் நீட்டி, உள்ளங்கையைப் பார்த்தபடி அறைக்குள் மெல்ல நடந்து, நின்ற இடத்திலேயே சுழன்றும் பாருங்கள். உள்ளங்கை ஜன்னலை நேராகப் பார்க்கும்போது ஒரே சீராக ஒளிரும், ரேகைகள் மங்கும். பக்கவாட்டில் திரும்பும்போது ரேகைகள் எழுந்து தெரியும், விரல்களின் ஒரு பக்கம் நிழலுக்குப் போகும். புறங்கை ஜன்னல் பக்கம் இருந்தால் உள்ளங்கை சாம்பல் பூத்துப்போகும். முகத்துக்கும் இதேதான் நடக்கும். வெவ்வேறு வேளைகளில் இப்படிப் பார்த்துவிட்டால், உங்கள் வீட்டின் நல்ல இடங்கள் மனப்பாடமாகிவிடும்.

அடுத்து நான் மிக முக்கியமாகக் கருதுவது: நல்ல இடம் தெரிந்ததும் குழந்தையை அங்கே கூட்டிவராதீர்கள். வேலையை அங்கே நகர்த்துங்கள். வரையும் தாள்களும் கலர் பென்சில்களும் எப்போதும் ஜன்னலோரத்தில் இருக்கட்டும். பொம்மைக் கூடையின் இடத்தை மாற்றுங்கள். புத்தகம் படிக்கும் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள். குழந்தை தானாக வந்து உட்காரும். நீங்கள் சொல்லாமலே வெளிச்சம் முகத்தில் விழும். தொழில்முறையாகப் படம் எடுப்பவர்கள் விளக்குகளை அமைத்துச் செய்வதை நீங்கள் அறைக்கலன்களை மாற்றிப்போட்டுச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: குழந்தை ஏறி எட்டிப்பார்க்கும்படி எதையும் திறந்த ஜன்னலை ஒட்டி வைக்கக் கூடாது.

குழந்தைக்குப் பின்னால் ஜன்னல் இருக்கும்படி நின்று எடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் கேமராவின் ஒளிமானி முயலும். பின்னணியில் பளீரென்று ஜன்னல் இருந்தால், படத்தைக் கருமையாக்கி ஈடுகட்டப் பார்க்கும். பலி முகம்தான். நீங்கள் நாலு எட்டு நடந்து ஜன்னலுக்கும் குழந்தைக்கும் பக்கவாட்டில் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நகர முடியாத நிலையில், கைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு, தோன்றும் அளவுகோலை மேலே தள்ளுங்கள். கேமராவில் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒன்று அல்லது ஒன்றரை நிறுத்தம் (ஸ்டாப்; ஒவ்வொரு நிறுத்தமும் வெளிச்சத்தை இரு மடங்காக்கும்) கூட்டுங்கள். ஜன்னல் வெளுத்துப்போகும். போகட்டும், நமக்கு வேண்டியது முகம்.

நேர் வெயில் அறைக்குள் கற்றையாக விழும் நேரத்தில் முகத்தை அதற்குள் வைத்தால் நெற்றி வெளுக்கும், மூக்கின் நிழல் உதட்டின் மேல் கறுப்பாக விழும், கண் சுருங்கும். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் திரை ஒன்றை இழுத்துவிட்டால் முழுத் திரையும் பெரிய ஒளிமூலமாக மாறிவிடும். மூலம் பெரிதானால் நிழலின் விளிம்பு கரையும். மேகமூட்டமான நாளில் வெளியே எடுத்த முகங்கள் அழகாக இருப்பதும் இதனால்தான், வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுகிறது. வெட்டவெளியில் உச்சிவெயில் என்றால் கட்டடத்தின் நிழலுக்குள், அதன் விளிம்பை ஒட்டி, திறந்த வானத்தைப் பார்த்தபடி குழந்தை விளையாடும் இடம் தோதானது. மரத்தடி அப்படியல்ல. இலைகளின் ஊடே விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். பச்சைப் புல்லும் வண்ணச் சுவரும் தாடைக்கு அடியில் தங்கள் சாயலை ஏற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அசையும் குழந்தை, அசையும் கை

வீட்டுக்குள் எடுத்த படங்கள் வீணாவதற்குப் பெருங்காரணம் ஷட்டர் வேகம். கேமராவைத் தானியங்கியில் விட்டுவிட்டால், அறைக்குள் 1/60 நொடி போன்ற வேகத்தை அது தேர்ந்தெடுக்கும். தூங்கும் குழந்தைக்கு அது போதும். விழித்திருக்கும் குழந்தைக்குப் போதாது. உட்கார்ந்து விளையாடும்போதே 1/250 தேவைப்படும். ஓடினால் 1/500, குதித்தால் 1/1000. ஜன்னல் அருகே எஃப்/2.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), 1/250, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 800 அல்லது 1600 என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் பொரிபொரியாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். பொரி விழுந்த படத்தில் குழந்தையின் முகபாவம் அப்படியே இருக்கும். கலங்கிய படத்தில் எதுவும் இருக்காது, எந்த மென்பொருளும் அதை முழுமையாக மீட்டுத் தராது. கைபேசியின் இரவு முறையும் அசையும் குழந்தைக்கு உதவாது. அது பல படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அதற்குள் குழந்தையின் கை மூன்று இடங்களுக்குப் போய்வந்திருக்கும்.

லென்ஸ் துளையான அப்பர்ச்சரை முழுவதும் திறந்துவைப்பது இன்னொரு தவறு. எஃப்/1.4 அல்லது எஃப்/1.8 வைத்து அருகிலிருந்து எடுத்தால் ஒரு கண் துல்லியமாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். பின்னணி கரைந்துபோவது அழகுதான். ஆனால் அக்காவும் தம்பியும் முன்னும் பின்னுமாக இருக்கும் படத்தில் இருவர் முகமும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்/4 பக்கம் போக வேண்டும். மேலும், அன்றாட வாழ்க்கைப் படத்தில் பின்னணியும் கதையின் பகுதி. சுவரில் கிறுக்கிய கோடு, கதவருகே கவிழ்ந்து கிடக்கும் ஒற்றைச் செருப்பு இவற்றையெல்லாம் கரைத்துவிட்டால், அந்தப் படத்தை எங்கே வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்றாகிவிடும்.

அதனால்தான் படம் எடுப்பதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவதையும் தவறு என்கிறேன். தலைக்குப் பின்னால் பளிச்சென்று தெரியும் பிளாஸ்டிக் வாளியை நகர்த்துங்கள், அது கண்ணை இழுக்கும். மற்றபடி விட்டுவிடுங்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அந்தப் பொருட்களைத்தான்.

எங்கிருந்து பார்க்கிறோம்

நின்ற உயரத்திலிருந்து குனிந்து எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் மிஞ்சும். மண்டியிடுங்கள், தேவைப்பட்டால் படுங்கள். குழந்தையின் கண்மட்டத்துக்கு வந்ததும் தரை மறைந்து அறை தெரியத் தொடங்கும். ஜன்னல் ஒளி கண்மணியில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழுவதும் அங்கிருந்துதான் தெரியும். அந்தப் பொட்டு இல்லாத கண்ணில் உயிர் இருக்காது.

கைபேசியை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோவது இன்னொரு பிழை. அதன் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. அத்தனை அருகிலிருந்து எடுத்தால் மூக்கும் நெற்றியும் பெருத்து, காதுகள் பின்வாங்கும். இரண்டு எட்டு பின்னால் போய், இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் (2x) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தூரம் இன்னொரு நன்மையும் தரும்: குழந்தை உங்களை மறந்துவிடும்.

மறக்கவைப்பதற்குப் பொறுமை வேண்டும். கேமரா வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் குழந்தை உங்களையே பார்க்கும், முகம் கோணும், கையை நீட்டும். அப்போது ஓரிரண்டு எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். எடுத்த படத்தை ஒவ்வொரு முறையும் திரையில் காட்டாதீர்கள். காட்டத் தொடங்கிவிட்டால் விளையாட்டு முடிந்தது, இனி கேமராதான் பொம்மை. எதுவும் நடக்காததால் குழந்தை தன் வேலைக்குத் திரும்பும். நல்ல படங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

சட்டைப் பொத்தானைப் போட முயலும் ஒரு நான்கு வயதுக் குழந்தையைக் கவனியுங்கள். முதலில் முகவாய் மார்பில் படும் அளவுக்குத் தலை குனியும். பெருவிரல் பொத்தானைத் துளைக்குள் தள்ளும், மற்றக் கை துணியைத் தப்பான பக்கம் இழுக்கும். பொத்தான் பாதி நுழைந்து நழுவும். மூச்சு ஒன்று வெளியே வரும். மறுபடியும் முயற்சி. கடைசியில் பொத்தான் மாட்டியதும் யாராவது பார்த்தார்களா என்று தலை நிமிரும். பலர் அந்த நிமிர்ந்த முகத்தை மட்டும் எடுக்கிறார்கள். விரல்களை எடுங்கள். வெளியே துருத்திய நாக்கை எடுங்கள். நழுவிய நொடியில் சுருங்கிய புருவத்தை எடுங்கள். நிமிர்ந்த முகத்தையும் எடுங்கள். நான்கும் சேர்ந்தால்தான் அது அன்று காலை நடந்தது.

அழுகையும் சண்டையும் சலிப்பும் வரும்போது கேமராவைக் கீழே வைத்துவிடுவதும் ஒரு தவறே, ஆனால் அளவோடு. கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முதுகு அருமையான படம். அடிபட்டு அழும் குழந்தைக்கு முதலில் வேண்டியது உங்கள் இரண்டு கைகள்.

குழந்தைகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருப்பதும் குறைதான். தலை பின்னும் பாட்டியின் விரல்கள், படுக்கை விரிப்பை உதறும் அப்பா, செருப்பை மாட்டிவிடக் குனிந்த அம்மா ஆகியோரும் அந்த நாளின் பகுதி. எப்போதும் படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. கேமராவை அவ்வப்போது இன்னொருவரிடம் கொடுங்கள், குழந்தையிடமே கொடுங்கள். சாய்ந்தும் வெட்டுப்பட்டும் வரும், ஆனால் நீங்கள் இருப்பீர்கள்.

எடுத்த பிறகு

அங்கேயே உட்கார்ந்து அழிக்காதீர்கள். சிறு திரையில் சுமாராகத் தெரியும் படம் ஒரு வாரம் கழித்து உயிரோடு தெரியும். தோலை வழவழப்பாக்கும் வடிகட்டிகள் வேண்டவே வேண்டாம். முழங்கால் சிராய்ப்பும் மூக்கின் மேல் பென்சில் கறையும் அந்த வயதின் முகம். வெளிச்சத்தையும் நிறத்தையும் சற்றே சரிசெய்தால் போதும். ஜன்னல் ஒளியில் எடுத்த படத்தில் நிழல் பகுதி முழுவதையும் தூக்கிவிட்டால், எதற்காக விளக்கை அணைத்தோமோ அதுவே வீணாகும். பிரதிகள் ஒரே கைபேசியில் கிடக்கக் கூடாது. வேறு இரண்டு இடங்களிலாவது சேமித்து, பிடித்த சிலவற்றை அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பகிர்வதில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் திருத்த முடியாதது. இருப்பிடப் பதிவு இயங்கும் கைபேசி, எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. அனுப்பும் முன் அதை நீக்கிவிடுங்கள், அல்லது கேமரா அமைப்பில் நிறுத்திவிடுங்கள். பள்ளிச் சீருடையின் முத்திரை, வீட்டு எண், குளிக்கும் குழந்தை, உடை மாற்றும் குழந்தை இவை எதுவும் வெளியே போக வேண்டியவை அல்ல. பேசத் தெரிந்த குழந்தையிடம் "இதை மாமாவுக்கு அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அனுப்பாதீர்கள். எடுக்க வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டு என்று தெரிந்த குழந்தைதான், அடுத்த முறை கேமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பாமல் தன் வேலையைப் பார்க்கும்.