முதல் ட்ராக் டேக்கு முன் காரில் பார்க்க வேண்டியவை

ட்ராக் டே என்றால் சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகம் பிடித்து, அது முடியும் இடத்தில் ஓங்கி பிரேக் அடிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி அதே இடம், மறுபடி அதே பிரேக். ஊருக்குள் மாதக்கணக்கில் ஓட்டினாலும் பிரேக்கில் அந்தச் சூடு ஏறாது. ஸ்விஃப்ட், ஐ20, போலோ எதுவானாலும் சரி, கையில் இருக்கும் பணத்தை முதலில் பிரேக்குக்கும் அடுத்து டயருக்கும் போடுங்கள். ஏர் ஃபில்டர், சைலன்சர், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) எல்லாம் முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

பிரேக் ஆயில்

புதுமுகங்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். தர விதிப்படி புது டாட் 4 (DOT 4, பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் சூடு, அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போய், அது கொதித்தால் குமிழி வரும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை இறங்கும், கார் நிற்காது. பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் கோளாறு வேறு: பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. இந்த இரண்டையும் காலிலேயே பிரித்து அறியப் பழகுங்கள்.

டாட் 4 அல்லது டாட் 5.1 வாங்குங்கள், சீல் உடைக்காத டப்பாவாக. ஒரு லிட்டர் போதும். பெயரில் நெருக்கமாக இருந்தாலும் டாட் 5 சிலிக்கான் வகை; அதை ஊற்றவே கூடாது.

1. ரிசர்வாயரில் (பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா) உள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள்.
2. பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பகுதி) மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் ஊர் கார்களில் அது பின்பக்க இடது. உங்கள் காரின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதன்படி போங்கள்.
3. ப்ளீடர் நிப்பிளில் (சக்கரத்தின் பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) உள்ளே தெரிகிற ட்யூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விடுங்கள்.
4. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். நிப்பிளை மூடிய பிறகே பெடலில் இருந்து காலை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் காற்று உள்ளே போய்விடும்.
5. பழுப்பு நிறம் போய்த் தெளிவான ஆயில் குமிழி இல்லாமல் வரும்வரை தொடருங்கள். பிறகு அடுத்த சக்கரம்.

இடையில் ரிசர்வாயர் காலியாகவே கூடாது. ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று போனால் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் அதை எடுக்க முடியாது. பெயிண்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முன் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புது பேடோடு நேராக ட்ராக்குக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் 60-லிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்துவிட்டு ஆறவிடுங்கள்.

டயர், வீல் நட்

பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் புடைப்போ வெட்டோ இருக்கக் கூடாது. காற்றழுத்தத்தைக் கம்பெனி சொன்ன அளவில், டயர் குளிர்ந்திருக்கும்போதே வையுங்கள். முன் டயரின் ஓரத்தில், பட்டனில் தொடங்கிப் பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு என்று அர்த்தம். சூட்டில் அழுத்தம் குளிர்ந்தபோது இருந்ததைவிட 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏறிக் கார் வழுக்கினால் இரண்டு பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள்.

வீல் நட்டை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். காலால் ஏறி மிதித்து முறுக்குவது அளவே இல்லை. முதல் செஷன் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி பாருங்கள்.

மற்றவை

இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் நிற்கட்டும், அதைத் தாண்டக் கூடாது. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூலன்ட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பெட்ரோல் அரை டேங்க்குக்குக் குறைய வேண்டாம். பேட்டரி கிளாம்ப் ஆடக் கூடாது.

டிரைவர் பக்க மேட்டை எடுத்துவிடுங்கள். அது நழுவி பெடலுக்கு அடியில் போகும். தண்ணீர் பாட்டில், டிக்கியில் உள்ள ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் வெளியே. காரைக் கட்டி இழுக்க உதவும் டோ ஹூக்கை மட்டும் கையோடு வையுங்கள்.

சீட் பெல்ட்டுக்கு ஒரு வழி: சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி பெல்ட்டை மாட்டி, தோள்பட்டையைச் சட்டென்று இழுத்து லாக் ஆக்குங்கள். அப்படியே சீட்டை முன்னால் கொண்டு வந்தால் இடுப்பு அசையாது.

வழக்கமான கார் பாலிசி ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குச் செல்லாது. கிளம்பும் முன் உங்கள் பாலிசியில் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

ட்ராக்கில்

ஈஎஸ்சியை (கார் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்காதீர்கள். முதல் சுற்று மெதுவாக, கடைசிச் சுற்று பிரேக்கைத் தொடாத அளவுக்கு மெதுவாக. பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் அந்தச் சுற்றோடு உள்ளே வாருங்கள், "இன்னும் ஒரே ஒரு சுற்று" வேண்டாம். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூட்டில் ஷூ ட்ரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் பேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். டயர் ஆறியதும், இறக்கிய காற்றை மறக்காமல் திரும்ப நிரப்புங்கள்.